கொலுசுப் படமும் வாட்ஸ்அப் வரியும்: கணிப்பொறி எப்படிப் பார்க்கிறது, எப்படிப் படிக்கிறது என்பதைக் கையால் செய்து பழக முழுமையான வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துபவர் யாருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தாலும் ஒரே மாதிரி செய்திகள்தான் வரிசையாக இருக்கும். ஒரு கொலுசின் படம், அதன் கீழே ஒரு வரி: "அண்ணா, இதே மாடல் 10 இன்ச்ல இருக்குங்களா?" படத்தையும் வரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேட்பது என்னவென்று புரியும்.

இந்த வழிகாட்டியில் இரண்டு வேலைகளைச் செய்யப் போகிறோம். படத்தைப் பார்த்து, சலங்கை வைத்த கொலுசா, வெறும் சங்கிலிக் கொலுசா என்று பிரிப்பது ஒன்று. வரியைப் படித்து, விலை விசாரிப்பா, ஆர்டரா, குறை சொல்வதா என்று பிரிப்பது இன்னொன்று. பட்டறை வீட்டுப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இதைப் பலமுறை செய்திருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய ஒன்றேதான்: படமும் சொல்லும் எண்ணாக மாறுகிற இடம். அதைக் கவனிக்காமல் நேராக மாடலுக்கு, அதாவது தரவிலிருந்து கற்றுக்கொண்டு விடை சொல்லும் நிரலுக்கு, ஓடிவிடுகிறார்கள். அதனால் முதல் பாதி முழுக்க நமக்குக் கட்டத்தாளும் பென்சிலும்தான். கணிப்பொறியைப் பிறகுதான் தொடுவோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டத்தாள் நோட்டு ஒன்று, பென்சில், கால்குலேட்டர், கேமரா உள்ள கைபேசி, வெட்டிய துண்டுச் சீட்டுகள். பிரவுசரும் ஸ்பிரெட்ஷீட்டும் ஓடுகிற கணிப்பொறி போதும். பழையதாக இருந்தாலும் சரி.

தரவாக 40 ஜோடிக் கொலுசுகள் வேண்டும்: 20 சலங்கை வைத்தவை, 20 வைக்காதவை. வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகள் ஒரு 150 வேண்டும். பட்டறைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். செய்தியை நகல் எடுக்கும்போதே பெயர், போன் எண், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். "அப்புறம் மொத்தமாக நீக்கிக்கொள்ளலாம்" என்று விட்டால், அதற்குள் அந்தக் கோப்பு மூன்று பேர் கைபேசிக்குப் போயிருக்கும்.

செய்திகளை வகை பிரித்துப் பெயரிடும் வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யுங்கள். முடித்ததும் ஒப்பிடுங்கள். "எவ்வளவு வரும்? ரெண்டு ஜோடி எடுத்து வைங்க" என்ற செய்தியை ஒருவர் விலை விசாரிப்பு என்பார், மற்றவர் ஆர்டர் என்பார். இப்படி முரண்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியை எழுதி வையுங்கள். எங்கள் விதி, எண்ணிக்கை சொல்லி எடுத்து வைக்கச் சொன்னால் அது ஆர்டர். இரண்டு மனிதர்களுக்கே ஒத்துப்போகாத ஒன்றை இயந்திரம் சரியாகச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

2. படம் எடுப்பது: வெள்ளி தரும் தனித் தொல்லை

வழிகாட்டிகள் பலவும் "நிறையப் படம் சேகரியுங்கள்" என்று ஒரு வரியில் தாண்டிப் போகும் இடம் இது. வெள்ளியில் வேலை செய்பவர்கள் இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

நகைக்கடைப் பழக்கத்தில் பிள்ளைகள் கொலுசைக் கறுப்பு வெல்வெட்டில் வைத்துப் படம் எடுப்பார்கள். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கைபேசிக் கேமரா படம் முழுவதற்கும் சேர்த்து வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பெரும்பகுதி கறுப்பு என்பதால் "இருட்டாக இருக்கிறது" என்று முடிவு செய்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். வெள்ளி வெளுத்துப்போகும். படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் கணிப்பொறி 0 (கறுப்பு) முதல் 255 (வெளுப்பு) வரை ஒரு எண்ணாக எழுதும். வெளுத்த இடத்தில் எண் 255. அதற்கு மேல் போக இடமில்லாததால், பக்கத்தில் இருக்கும் செதுக்கு வேலையும் 255, பளபளப்பும் 255. அந்த நுணுக்கம் படத்தில் பதியவே இல்லை, பிறகு எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியாது. வெள்ளைத் தாளில் வைத்தால் நேர்மாறாக நடக்கும். கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், கொலுசு மங்கிப்போகும், ஓரம் தாளோடு கலந்துவிடும்.

நடுத்தரச் சாம்பல் நிறத்தில் மினுக்கமில்லாத காட்டன் துணி விரித்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே வேண்டாம். ஜன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் வழியாக வரும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். திரையில் கொலுசின் மேல் விரலால் தொட்டு, கேமரா வெளிச்சத்தை அங்கே கணக்கிடும்படி செய்யுங்கள்.

கொலுசை நீளமாக நீட்டி வைக்காதீர்கள். பின்னால் நாம் பயன்படுத்தும் கருவி படத்தைச் சதுரமாக வெட்டும். நீட்டி வைத்தால் இரண்டு முனையும் போய்விடும். வளையமாகச் சுற்றி நடுவில் வைத்து, சட்டம் நிறையும்படி கிட்டத்தில் எடுங்கள். ஒரு ஜோடிக்கு மூன்று படம், மூன்று கோணம்.

இப்போது மிக முக்கியமானது. இரண்டு வகையையும் ஒரே துணியில், ஒரே நாளில், கலந்து கலந்து எடுக்க வேண்டும். ஒருமுறை எங்கள் குழு சலங்கைக் கொலுசுகளை ஒரு ஞாயிறு நீலத் துணியிலும், மற்றவற்றை அடுத்த ஞாயிறு செய்தித்தாள் மேலும் வைத்து எடுத்துவிட்டது. பயிற்சி, அதாவது படங்களைக் காட்டி இயந்திரத்தைக் கற்க வைப்பது, முடிந்ததும் சோதித்த எல்லாப் படத்துக்கும் சரியான விடை வந்தது. எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஒரு பெண் மட்டும் சந்தேகப்பட்டு, கொலுசே இல்லாமல் நீலத் துணியை மட்டும் காட்டினாள். "சலங்கை" என்று திடமாகச் சொன்னது. இயந்திரம் கற்றுக்கொண்டது துணியை. அதன் மேல் குற்றமில்லை. நாம் கொடுத்த எண்களில் இரண்டு வகையையும் எளிதாகப் பிரித்துக் காட்டியது துணிதான், அது அதைப் பிடித்துக்கொண்டது.

3. சோதனைக்கு ஒரு பங்கை எடுத்து மூடி வையுங்கள்

சேகரித்து முடித்த உடனே, வேறு எதையும் செய்வதற்கு முன், 8 ஜோடிகளின் படங்களையும் 30 செய்திகளையும் தனிக் கோப்புறையில் போட்டு ஒதுக்கிவிடுங்கள். கடைசிப் படிவரை அதைத் திறக்கக் கூடாது. தேர்வுக் கேள்வித்தாளை முன்னாலேயே பார்த்துவிட்டு எழுதினால் வரும் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

பிரிக்கும்போது படக் கணக்கில் பிரிக்காதீர்கள், ஜோடிக் கணக்கில் பிரியுங்கள். ஒரு ஜோடியின் இரண்டு கொலுசும் ஒரே அச்சு, ஒரே வேலைப்பாடு. ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் இருந்தால், இயந்திரம் புதிய கொலுசைப் பார்க்கவில்லை, பழகியதையே மறுபடி பார்க்கிறது. செய்தியிலும் அப்படித்தான். ஒரே வாடிக்கையாளர் அடுத்தடுத்து அனுப்பிய நான்கு வரிகள் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

4. படத்தை எண்ணாக எழுதிப் பாருங்கள்

ஒரு படத்தைக் கணிப்பொறியில் திறந்து, ஒரே ஒரு சலங்கை தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். அவைதான் பிக்சல்கள். கட்டத்தாளில் 12க்கு 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு சதுரத்தின் வெளிச்சத்தையும் 0 முதல் 9 வரை மதிப்பிட்டு எழுதுங்கள். முழுக் கறுப்பு 0, முழு வெளுப்பு 9. கணிப்பொறி இதையே 0 முதல் 255 வரை எழுதுகிறது. எழுதி முடித்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். உங்களுக்கு அது இன்னும் சலங்கை. கணிப்பொறிக்கு அது 144 எண்கள் மட்டுமே, சலங்கை என்ற சொல்லோ உருவமோ அதில் எங்கும் இல்லை.

வண்ணப் படத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். பெயின்டில் வண்ணம் எடுக்கும் கருவியால் ஒரு சதுரத்தைத் தொட்டு, வண்ணங்களைத் திருத்தும் பகுதியைத் திறந்தால் மூன்றும் தெரியும். 4000க்கு 3000 அளவில் எடுத்த படத்தில் 1.2 கோடி பிக்சல்கள். மூன்றால் பெருக்கினால் 3.6 கோடி எண்கள். இத்தனையும் நமக்கு வேண்டாம் என்பதால்தான் கறுப்பு வெள்ளையாக்குவதும் சுருக்குவதும். இரண்டிலும் எதையோ இழக்கிறோம். எதை இழக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

கறுப்பு வெள்ளையாக்க வழக்கமான கணக்கு இது: சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆல் பெருக்கிக் கூட்டுவது. நம் கண் பச்சைக்கு அதிகம் கூர்மை என்பதால் பச்சைக்குப் பெரிய பங்கு. எனாமல் பூசிய கொலுசில் ஒரு சிவப்புப் பிக்சல் 200, 30, 40 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 82. பக்கத்தில் பச்சைப் பிக்சல் 30, 110, 80. அதற்கு 83. கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன! எனாமல் நிறத்தை வைத்துக் கொலுசு மாடல் பிரிக்க நினைப்பவர் முதல் படியிலேயே கறுப்பு வெள்ளையாக்கினால் கதை முடிந்தது. சலங்கை இருக்கிறதா என்று பார்க்கும் நமக்கு நிறம் தேவையில்லை.

சுருக்குவதும் அதே மாதிரி. கருவிகள் பலவும் படத்தை 224க்கு 224 ஆக்கிக்கொள்கின்றன. 3000 பிக்சல் அகலம் 224 ஆனால் ஏறக்குறைய 13 மடங்கு சுருக்கம். மூலப் படத்தில் 60 பிக்சல் அகலம் இருந்த சலங்கை நாலைந்து பிக்சலாகும். நாலைந்து பிக்சலில் உருண்டை எது, சங்கிலிக் கண்ணி எது? கிட்டத்தில் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கட்டத்தாளில் இடத்தைக் குறிக்கும்போது பள்ளிப் பழக்கத்தில் கிடைமட்டத்தை முதலில் எழுதி, கீழிருந்து மேலே எண்ணுவார்கள். படத்தைக் கையாளும் நிரல்கள் பல வரிசையை முதலிலும் நெடுக்கையை அடுத்தும் சொல்லும், மேலிருந்து கீழே எண்ணும். இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஏற்காட்டுக்குப் போய்வந்த படம் ஏதாவது கைபேசியில் இருந்தால் இங்கே ஒரு சின்னப் பயிற்சி. மூடுபனி இறங்கிய நேரத்தில் எடுத்த படத்தில் பத்து இடங்களைத் தொட்டு எண்களைக் குறியுங்கள். மரம், பாறை, வானம் எல்லாம் நெருங்கிய எண்களாக ஒரே இடத்தில் குவிந்திருக்கும். வெயில் படத்தில் எண்கள் 0 முதல் 255 வரை பரவிக் கிடக்கும். படம் மங்கலாக இருப்பது என்றால் எண்ணில் என்ன என்பது அப்போது விளங்கும்.

5. விளிம்பைக் கண்டுபிடிக்கும் கணக்கு

படத்தில் உருவம் என்பது பக்கத்துப் பக்கத்து எண்கள் சட்டென்று மாறும் இடம். அதைப் பிடிக்க ஒரு சின்னச் சல்லடை போதும். 3க்கு 3 கட்டம் வரைந்து, மூன்று வரிசையிலும் -1, 0, 1 என்று எழுதுங்கள். இதைப் படத்தின் மேல் வைத்து, சல்லடையின் ஒவ்வொரு எண்ணையும் அதன் கீழே வரும் பட எண்ணோடு பெருக்கி, ஒன்பது விடைகளையும் கூட்ட வேண்டும்.

துணி 30, வெள்ளி 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசையும் 30, 30, 200 என்று இருக்கும் இடத்தில் ஒரு வரிசைக்கு 200 கழித்தல் 30, அதாவது 170. மூன்று வரிசைக்கு 510. வெறும் துணி மேல் வைத்தால் எல்லாமே 30, விடை 0. ஆக, பெரிய எண் வந்தால் அங்கே செங்குத்தான விளிம்பு இருக்கிறது. சல்லடையைக் கால் சுற்றுத் திருப்பி, மேல் வரிசை முழுக்க -1, நடு வரிசை 0, கீழ் வரிசை 1 என்று மாற்றி அதே இடத்தில் வையுங்கள். மேலே 260 கழிகிறது, கீழே 260 கூடுகிறது, விடை 0. இந்தச் சல்லடைக்குச் செங்குத்து விளிம்பு தெரியாது, படுக்கை விளிம்புதான் தெரியும்.

இதை 12க்கு 12 கட்டம் முழுவதும் ஒருமுறை நகர்த்திக் கணக்குப் போடுங்கள். 100 தடவை பெருக்கிக் கூட்ட வேண்டியிருக்கும், கை வலிக்கும். ஆனாலும் செய்யுங்கள். படத்தைப் பார்க்கும் பெரிய மாடல்கள் பலவற்றுக்குள் நடப்பது இதே கணக்குத்தான். அங்கே சல்லடையின் ஒன்பது எண்களை யாரும் எழுதித் தருவதில்லை. கன்னாபின்னா எண்களில் தொடங்கி, விடை தவறும்போதெல்லாம் தவறு குறையும் பக்கமாகச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போகிறது. பயிற்சி என்று சொல்வது அந்தத் திருத்தலை.

6. "கொலுசு" ஆறா, ஏழா?

இப்போது சொல்லுக்கு வருவோம். ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு கட்டத்தில் கொலுசு என்று அடித்து, நீளம் சொல்லும் லென் (LEN) சூத்திரத்தைப் போடுங்கள். நமக்கு மூன்று எழுத்து. கணிப்பொறி 6 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் கொ, லு, சு போன்ற உயிர்மெய் ஒரே எண்ணாக இல்லை. க, ல, ச போன்ற அகர எழுத்துக்கு ஒரு எண், அதோடு சேரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ ஒரு எண் என்று தனித்தனியாக இருக்கிறது. கொலுசு என்பது 2965, 3018, 2994, 3009, 2970, 3009. சேலம் 5, ஏற்காடு 7.

சில செய்திகளில் அதே கொலுசு 7 என்று வரும். திரையில் ஒரு வித்தியாசமும் இருக்காது. உள்ளே பார்த்தால், கொ என்ற எழுத்தின் ஒகரக் குறி 3018 என்ற ஒரே எண்ணாக இல்லாமல், ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாக உடைந்திருக்கும். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள், எந்தக் கோப்பிலிருந்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். எண்ணை எண்ணோடு ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். "கொலுசு 40 முறை வருகிறது" என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதி வேறு வடிவில் ஒளிந்திருக்கும்.

தீர்வு எளிது, ஆனால் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். 3014க்குப் பின் 3006 வந்தால் 3018 ஆக்குங்கள். 3015க்குப் பின் 3006 வந்தால் 3019, அதாவது ஓகாரம். 3014க்குப் பின் 3031 வந்தால் 3020, அதாவது ஔகாரம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு என்எஃப்சி (NFC) என்ற ஒழுங்குபடுத்தும் முறை மூன்றையும் ஒரே அடியில் செய்துவிடும்.

அந்த முறையும் பிடிக்காத சில உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடிப்பார்கள். ஸ்ரீ என்பதை இரண்டு வேறு எழுத்துகளில் தொடங்கி எழுதினாலும் ஒரே வடிவம் திரையில் வரும். தமிழ் எண் ௭, எகரம் போலவே தெரியும். இவற்றைக் கண்ணால் பிடிக்க முடியாது. எண்ணைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள். கொலுசை கே-யில் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள், ஜி-யில் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். இவற்றைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் 150 செய்திகளில் வரும் வடிவங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ச் சொல்லை எழுதி மாற்றுங்கள். இந்த அளவுக்குக் கைப்பட்டியலே போதும்.

7. சொல்லைத் துண்டாக்குவது

துண்டுச் சீட்டுகளை எடுங்கள். கொலுசு, கொலுசை, கொலுசுக்கு, கொலுசுல, கொலுசும் என்று ஐந்து சொற்கள். தனித்தனிச் சொல்லாக எண்ணினால் ஐந்தும் ஐந்து வேறு சொற்கள். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், சொல் கணக்கில் மட்டும் போனால் பட்டியல் முடிவில்லாமல் நீளும்.

பெரிய மொழி மாடல்கள் இதற்குப் பல வழிகளைக் கையாளுகின்றன. அதில் பரவலான ஒன்றைக் கையாலேயே செய்யலாம். எல்லாச் சொற்களையும் சிறு துண்டாக உடைத்து, அதிகம் சேர்ந்து வரும் இரண்டு துண்டுகளை ஒட்டுங்கள். திரும்ப எண்ணி, திரும்ப ஒட்டுங்கள். முதலில் நாம் எழுத்து என்று நினைக்கும் அளவில் உடையுங்கள்: கொ, லு, சு. கொவும் லுவும் ஐந்திலும் சேர்ந்து வருகின்றன, ஒட்டினால் கொலு. கொலுவும் சுவும் நான்கில் வருகின்றன, ஒட்டினால் கொலுசு. கொலுசை மட்டும் கொலு, சை என்று தனியே நின்றுவிடும்.

இப்போது அதே ஐந்தையும் யூனிகோடு எண் அளவில் உடையுங்கள். அகர எழுத்து தனி, குறி தனி. அப்போது "கொலுச" வரை ஐந்துக்கும் பொது, அதன் பிறகு உகரக் குறியோ ஐகாரக் குறியோ வருகிறது. ஐந்தும் ஒரு குடும்பமாகச் சேர்ந்துவிட்டன. பள்ளியில் படித்த குற்றியலுகரப் புணர்ச்சிதான் இது. உயிர் வந்தால் உகரம் விலகி மெய் நிற்கும் என்று படித்தோமே, அதைக் கணிப்பொறி எண்ணி எண்ணியே தொட்டுவிடுகிறது. முதல்முறை இதைச் சீட்டுகளில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. இன்னும் ஒவ்வொரு குழுவோடும் இந்த இடத்தைத் தவறாமல் செய்கிறேன்.

இதில் நடக்கும் தவறு, வேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிவது. "கறுக்குமா?" என்று கேட்பவர் வாங்கப் போகிறவர். "கறுத்துடுச்சு" என்று சொல்பவர் வாங்கி வருத்தப்படுகிறவர். இரண்டையும் "கறு" என்று குறுக்கினால் விலை விசாரிப்பும் குறையும் ஒன்றாகிவிடும். கேள்விக்குறியைக் குப்பை என்று துடைத்தாலும் இதே நட்டம். "இல்லை", "வரல" போன்றவற்றைப் பொதுச்சொல் என்று நீக்கும் ஆயத்தப் பட்டியல்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

8. எண்ணிக்கையை வைத்து வகை பிரிப்பது

மூன்று வகைச் செய்திகளையும் மூன்று கட்டாக வைத்து, எந்தத் துண்டு எந்தக் கட்டில் எத்தனை முறை வருகிறது என்று அட்டவணை போடுங்கள். புதுச் செய்தி வந்தால், அதிலுள்ள ஒவ்வொரு துண்டும் எந்தக் கட்டை எவ்வளவு ஆதரிக்கிறது என்று பார்த்து, அந்த விகிதங்களைப் பெருக்க வேண்டும். அந்தக் கட்டு மொத்தத்தில் எவ்வளவு பெரியது என்ற பங்கையும் சேர்த்துப் பெருக்குங்கள்.

குறைக் கட்டில் மொத்தம் 40 துண்டுகள், அதில் "அறுந்து" 4 முறை என்று வைத்துக்கொள்வோம். விலைக் கட்டில் 50 துண்டுகள், "அறுந்து" ஒருமுறைகூட இல்லை. நேராகப் பெருக்கினால் விலைக் கட்டுக்கு 0. ஒரே ஒரு சுழியம் மற்ற எல்லாச் சொற்களின் சாட்சியையும் அடித்துவிடும். நாம் பார்த்ததில்லை என்பதற்காக அது வரவே வராது என்று ஆகாது. அதனால் எல்லா எண்ணிக்கையிலும் ஒன்று கூட்டுகிறோம். வேறுபட்ட துண்டுகள் மொத்தம் 30 என்றால், ஒவ்வொரு கட்டின் மொத்தத்திலும் 30 கூடும். குறைக்கு 70இல் 5, அதாவது 0.071. விலைக்கு 80இல் 1, அதாவது 0.0125. குறைப் பக்கம் ஐந்தரை மடங்குக்கு மேல் சாய்கிறது, ஆனால் மறுபக்கம் சுழியமாகவில்லை.

எளிய முறைதான். இருந்தாலும் ஏதாவது பெரிய மாடலைப் பயன்படுத்துவதற்கு முன் இதன் விடையை எழுதி வையுங்கள். பெரிய மாடல் இதைத் தாண்டவில்லை என்றால் அதற்குச் செலவிடும் நேரமும் பணமும் வீண்.

9. படத்துக்குக் கணிப்பொறியைத் திறப்பது

கூகுளின் டீச்சபிள் மெஷின் பிரவுசரிலேயே ஓடும், நிரல் எழுதத் தேவையில்லை. படத்துக்கான பகுதியைத் திறந்து இரண்டு வகுப்புகளை உருவாக்கி, ஒதுக்கி வைத்தது போக மீதிப் படங்களை ஏற்றுங்கள். பயிற்சிப் பொத்தானை அழுத்தினால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவு குறைந்த படத்தில் எப்படி முடிகிறது என்று கேட்பார்கள். அடியில் இருப்பது ஏற்கெனவே பெரும் படத்தொகுப்பில் பயின்ற மாடல். விளிம்பு, வளைவு, பின்னல் போன்றவற்றைப் பிடிக்கும் சல்லடைகள் அதற்குள் தயாராக இருக்கின்றன. நாம் பயிற்றுவிப்பது மேலே உள்ள கடைசிச் சில அடுக்குகளை மட்டும்.

பயிற்சி முடிந்த உடனே வெறும் துணியைக் காட்டிப் பாருங்கள். இரண்டு வகுப்பில் ஒன்றைத்தான் அது சொல்லியாக வேண்டும், "தெரியாது" என்று சொல்ல அதற்கு வழி இல்லை. வெறும் துணிக்கு ஒரே வகுப்பை அடித்துச் சொன்னால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். பட்டறையில் உண்மையாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், கொலுசு இல்லாத படங்களுக்கு மூன்றாவது வகுப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் மோதிரப் படமும் அனுப்புவார், மெட்டிப் படமும் அனுப்புவார்.

10. பெரிய மாடல்கள் இதில் எங்கே வருகின்றன

உங்கள் செய்திகளில் "10" என்ற எண்ணுக்கு அடுத்து என்ன வருகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் "இன்ச்" வரும், சிலவற்றில் "கிராம்". அடுத்து வரப்போவதை ஊகிக்கும் இந்த வேலையைத்தான் பெரிய மொழி மாடல்கள் மிகப் பெரிய அளவில் செய்கின்றன. ஒரு முன்சொல்லை மட்டும் பார்க்காமல் முன்னால் வந்த எல்லாத் துண்டுகளையும் பார்த்து, எதற்கு எவ்வளவு கவனம் என்று எடை போடுகின்றன. "போன வாரம் வாங்கின கொலுசு அறுந்துபோச்சு, அதை மாத்தித் தருவீங்களா" என்பதில் "அதை" என்ற துண்டைக் கணக்கிடும்போது வாரத்தைவிடக் கொலுசுக்கு எடை அதிகம் கிடைக்க வேண்டும். அந்த எடைகளும் பயிற்சியில் திருத்தித் திருத்தி வந்தவையே.

படத்துக்கும் இதே வழி உண்டு. 224க்கு 224 படத்தை, ஒவ்வொன்றும் 16க்கு 16 பிக்சல் உள்ள சதுரங்களாக வெட்டினால் 196 துண்டுகள். அவற்றைச் சொல் துண்டுகள் போலவே வரிசையாக வைத்து எடை போடலாம். படத்தையும் வரியையும் எண் வரிசைகளாக்கி, ஒரே வரைபடத்தில் புள்ளிகள் போல வைத்து, பொருந்தும் படமும் வரியும் அருகருகே வரும்படி பயிற்றுவிக்கும் மாடல்களும் இருக்கின்றன. 2021இல் வெளிவந்த கிளிப் (CLIP) என்ற மாடல் அப்படிப்பட்டது.

தமிழுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. யூனிகோடு எண்களைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் யூனிகோடு எண்ணும் 3 பைட். சேலம் 15 பைட். ஒரு மாடலின் துண்டுப் பட்டியலில் தமிழ் குறைவாக இருந்தால் ஒரு சின்னச் சொல்கூடப் பல துண்டாகச் சிதறும். துண்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் சேவையில் அது நேரே கட்டணத்தில் தெரியும். வாங்குவதற்கு முன் உங்கள் செய்திகள் பத்தைக் கொடுத்து எத்தனை துண்டாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

11. மூடி வைத்ததைத் திறப்பது

30 செய்திகளையும் 8 ஜோடிப் படங்களையும் இப்போது எடுங்கள். "எத்தனை சரி" என்ற ஒரே எண்ணில் நிறுத்தாதீர்கள். 30இல் 20 விலை, 6 ஆர்டர், 4 குறை என்று வைத்துக்கொள்வோம். எதைக் கேட்டாலும் "விலை" என்று மட்டும் சொல்லும் இயந்திரம்கூட 20 சரி வாங்கிவிடும், நூற்றுக்கு 67 வருகிறது. ஆனால் நான்கு குறைகளில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. பட்டறைக்கு அதுதான் பெரிய நட்டம். விலை கேட்டவர் பதில் வராவிட்டால் மறுபடி கேட்பார், கொலுசு அறுந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே கட்டம் போட்டு எழுதுங்கள். இடப்பக்கம் உண்மையான வகை, மேலே இயந்திரம் சொன்ன வகை. ஒவ்வொரு வரிசையையும் தனியாகப் படியுங்கள். குறை வரிசையில் எத்தனை தவறிப்போயின என்பதை முதலில் பாருங்கள்.

தவறிய ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: ஒளி, துணி, எழுத்து எண், வெட்டிய விகுதி, வகை விதி, புதுச் சொல். எங்கள் நோட்டுகளில் பெரும்பாலான தவறுகள் முதல் ஐந்துக்குள்ளேயே அடங்கிவிடும், மாடலை மாற்றியதால் தீர்ந்தது குறைவு. எந்தப் படியில் காரணம் இருக்கிறதோ அந்தப் படிக்குத் திரும்பித் திருத்துங்கள்.

திருத்தியபின் இதே 30 செய்திகளில் மறுபடி சோதிக்கக் கூடாது. அவற்றை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அவற்றுக்காகவே திருத்தியும் இருப்பீர்கள். அவற்றைப் பயிற்சிக் கட்டில் சேர்த்துவிட்டு, அந்த வாரம் பட்டறைக்கு வந்த புதுச் செய்திகளிலிருந்து இன்னொரு 30ஐ எடுத்து, போன் எண்களை நீக்கி, மூடி வையுங்கள்.